வயிறு நிறைந்தால் போதுமா?
வளரும் கன்றுக்கு வைக்கோலோடு வேறு என்ன கொடுக்கலாம்

நம் மாடு என்ன தின்கிறது?

நம் நாட்டில் மாடு இல்லாத கிராமம் அரிது. 2019-ஆம் ஆண்டில் கால்நடைகளைக் கணக்கு எடுத்தார்கள். அப்போது நாடு முழுவதும் 19 கோடிக்கு மேல் மாடுகள் இருந்தன. எருமைகள் ஏறத்தாழ 11 கோடி இருந்தன.

இத்தனை மாடுகளும் என்ன தின்கின்றன?

நெல் விளையும் ஊரில் வைக்கோல் தின்கின்றன. கோதுமை விளையும் வட மாநிலங்களில் கோதுமைத் தாளைத் தின்கின்றன. சோளம் விளையும் ஊரில் சோளத்தட்டை தின்கின்றன. தானியத்தை நாம் எடுத்துக் கொள்கிறோம். மிச்சத்தை மாட்டுக்குக் கொடுக்கிறோம்.

இது நல்ல வழக்கம்தான். நமக்கு ஆகாததை மாடு தின்கிறது. பாலாகவும் உழைப்பாகவும் எருவாகவும் திருப்பித் தருகிறது.

ஆனால் ஒரு கேள்வி. வைக்கோலை மட்டும் தின்று ஒரு கன்று வளருமா?

அத்தையும் மருமகளும்

ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். அந்த வீட்டில் ஒரு கலப்பினக் கிடேரி இருக்கிறது. வயது மூன்று ஆகப் போகிறது. இன்னும் பருவத்துக்கு வரவில்லை. முதுகெலும்பு தெரிகிறது. முடி சொரசொரவென்று நிற்கிறது. வயிறு மட்டும் பானை போல இருக்கிறது.

அத்தை சொல்கிறார்: "இது மலட்டுக் கிடேரி அம்மா. தரகர் வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார். வந்த விலைக்குத் தள்ளிவிடுவோம்."

மருமகள் சொல்கிறாள்: "கொஞ்சம் பொறுங்கள் அத்தை. இன்றைக்குக் கால்நடை மருந்தகத்தில் டாக்டர் இருக்கிறார். ஒரு தடவை காட்டிவிட்டு வருவோம்."

இருவரும் கிடேரியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். டாக்டர் கிடேரியைத் தடவிப் பார்க்கிறார். கையுறை போட்டுச் சோதிக்கிறார்.

டாக்டர்: இதற்கு நோய் ஒன்றும் இல்லை அம்மா. மலடும் இல்லை. என்ன தீனி போடுகிறீர்கள்?

அத்தை: வைக்கோல்தான் ஐயா. வயிறு நிறையப் போடுகிறேன். ஒரு நாளும் குறை வைத்தது இல்லை.

டாக்டர்: வேறு ஏதாவது?

அத்தை: கறவை மாட்டுக்குத் தவிடும் புண்ணாக்கும் வைக்கிறோம். பால் தருகிற மாட்டுக்கே வாங்கிக் கட்டவில்லை. சும்மா நிற்கிற கன்றுக்கு எங்கே போவது ஐயா?

டாக்டர்: அது சும்மா நிற்கவில்லை அம்மா. வளர வேண்டிய வயதில் நிற்கிறது. வயிறு நிறைகிறது. ஆனால் உடம்பு பட்டினி கிடக்கிறது.

அத்தைக்கு வருத்தமாக இருக்கிறது. "நான் பட்டினி போட்டேனா ஐயா?" என்று கேட்கிறார்.

"இல்லை அம்மா. குறை உங்களிடம் இல்லை. வைக்கோலில் இருக்கிறது" என்கிறார் டாக்டர்.

வைக்கோலில் என்ன குறை?

வளரும் உடம்புக்குப் புரதச் சத்து வேண்டும். தசை, தோல், முடி, இரத்தம் எல்லாம் புரதத்தால் ஆனவை.

100 கிலோ நெல் வைக்கோலில் புரதம் 3 அல்லது 4 கிலோதான் இருக்கிறது. அதிலும் பெரும் பகுதி செரிக்காமல் சாணத்தோடு போய்விடுகிறது.

வைக்கோலில் மணல் போன்ற சிலிகா என்ற பொருள் அதிகம். அதுவும் செரிமானத்தைக் கெடுக்கிறது. ஆக்சலேட் என்ற உப்பும் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எலும்புக்குப் போக விடாது.

உலர்ந்த புல் வேறு, வைக்கோல் வேறு. இதைத் தெரிந்து கொள்ளுங்கள். புல் பூக்கும் சமயத்தில் அறுத்து, காய வைத்து எடுத்தால் அது உலர்புல். அதில் சத்து தங்கி இருக்கும். வைக்கோல் அப்படி இல்லை. பயிர் தன் சத்தை எல்லாம் நெல் மணிக்குக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சிய தாள்தான் வைக்கோல்.

மாட்டின் வயிற்றுக்குள் ஒரு படை

நாம் வைக்கோல் தின்றால் செரிக்காது. மாட்டுக்கு மட்டும் எப்படிச் செரிக்கிறது?

மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. முதல் அறை மிகப் பெரியது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தயிரில் இருக்கும் உறைகிருமி போல என்று நினைத்துக் கொள்ளுங்கள். வைக்கோலைப் பக்குவப்படுத்துவது இந்த நுண்ணுயிர்கள்தான். பிறகு அந்த நுண்ணுயிர்களே மாட்டுக்குப் புரத உணவாக ஆகின்றன.

அதனால் மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்றால், முதலில் இந்தப் படைக்குத் தீனி போடுகிறோம் என்று பொருள்.

இந்தப் படை நன்றாக வேலை செய்ய, 100 கிலோ தீனியில் 7 கிலோவாவது புரதம் இருக்க வேண்டும். வைக்கோலில் இருப்பதோ 3, 4 கிலோ. படை பாதிப் பட்டினி கிடக்கிறது. வேலை மெதுவாக நடக்கிறது. தின்ற வைக்கோல் வயிற்றிலேயே வெகுநேரம் தங்குகிறது. வயிறு பெருத்துத் தெரிகிறது. மாடு மேலும் தின்ன முடியாமல் நிற்கிறது.

இப்போது கொஞ்சம் புண்ணாக்கு அல்லது கொஞ்சம் பச்சைத் தழை கொடுங்கள். படைக்கு உணவு கிடைக்கிறது. வைக்கோல் விரைவாகச் செரிக்கிறது. வயிற்றில் இடம் காலியாகிறது. மாடு முன்பைவிட அதிகமாக வைக்கோல் தின்கிறது. அதே வைக்கோலில் இருந்து அதிகச் சத்து கிடைக்கிறது.

ஆகவே, கூடுதல் தீனி வைக்கோலுக்குப் பதில் அல்ல. வைக்கோலைச் செரிக்க வைக்கும் துணை.

நாளும் எடையும்

கலப்பினக் கிடேரி வயதைப் பார்த்துப் பருவத்துக்கு வருவதைவிட, எடையைப் பார்த்தே வருகிறது. சுமார் 250 கிலோ எடை வந்ததும் சினை ஊசி போடலாம்.

ஒரு கிடேரி இப்போது 150 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னும் 100 கிலோ ஏற வேண்டும்.

வைக்கோலும் சிறிது மேய்ச்சலும் மட்டும் கிடைத்து, நாளுக்கு 100 கிராம் ஏறினால்:
100 கிலோ ஏற 1000 நாள் ஆகும். அதாவது 2 ஆண்டு 9 மாதம்.

கூடுதல் தீனியும் கிடைத்து, நாளுக்கு 400 கிராம் ஏறினால்:
100 கிலோ ஏற 250 நாள் ஆகும். அதாவது 8 மாதத்துக்குச் சற்று மேல்.

இரண்டுக்கும் இடையே 750 நாள். அந்த 750 நாளும் வைக்கோல் போட வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். சாணி அள்ள வேண்டும். பால் மட்டும் வராது. கடன் வாங்கி வாங்கிய கன்று என்றால் வட்டியும் ஏறும். கடைசியில் மலடு என்ற பெயரோடு அடிமாட்டு விலைக்குப் போகும்.

இந்தக் கணக்கைத்தான் டாக்டர் மருமகளின் நோட்டில் எழுதிக் காட்டினார். அத்தை கேட்டார்: "அப்படியானால் புண்ணாக்குச் செலவு வீண் செலவு இல்லையா?"

"அளவோடு போட்டால் வீண் இல்லை அம்மா. போடாமல் விட்ட நாள்தான் வீண்" என்றார் டாக்டர்.

எருமைக் கடாக் கன்றை விற்பனைக்காக வளர்ப்பவருக்கும் இதே கணக்குதான். அவர் எடைக்கு விற்கிறார். நாளுக்கு எத்தனை கிராம் ஏறுகிறது என்பதே அவர் வருமானம். உழவுக்கு வளர்க்கும் காளைக் கன்றுக்கும் இது பொருந்தும்.

என்ன கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம்?

150 கிலோ எடை உள்ள கிடேரிக்கு ஒரு நாள் தீனி இது. பக்கத்தில் அதில் உள்ள புரதத்தைப் பாருங்கள்.

வைக்கோல் 3 கிலோ – புரதம் 90 கிராம்
கடலைப் புண்ணாக்கு அரை கிலோ – புரதம் 200 கிராம்
அரிசித் தவிடு அரை கிலோ – புரதம் 60 கிராம்
அகத்தி அல்லது வேலிமசால் தழை 3 கிலோ – புரதம் 150 கிராம்
மொத்தம் – புரதம் 500 கிராம்

இவை தோராயமான அளவுகள். இதோடு தாது உப்புக் கலவை 30 கிராம், சாதாரண உப்பு ஒரு சிறு கைப்பிடிக்கும் குறைவாகச் சேருங்கள். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். காய்ந்த தீனி தின்னும் மாட்டுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும்.

வைக்கோல் மட்டும் 4 கிலோ தின்றால் புரதம் எவ்வளவு? 120 கிராம்தான். வேற்றுமையைப் பாருங்கள்.

கடலைப் புண்ணாக்கு விலை அதிகமா? எள்ளுப் புண்ணாக்கு, தேங்காய்ப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு இருக்கின்றன. தேங்காய்ப் புண்ணாக்கில் புரதம் கடலைப் புண்ணாக்கில் இருப்பதில் பாதிதான். அதற்கு ஏற்ப அளவைக் கூட்ட வேண்டும்.

காசு இல்லாமல் கிடைப்பதும் உண்டு. கடலை பிடுங்கிய பிறகு கொடி மிஞ்சும். அதை இலை உதிராமல் காய வைத்துக் கட்டி வையுங்கள். அது வைக்கோலைவிடப் பல மடங்கு நல்ல தீனி. உளுந்து, பயறு அடித்த பொட்டும் நல்ல தீனி. களத்திலேயே எரித்துவிடாதீர்கள்.

வேலி ஓரத்தில் அகத்தி, கிளிரிசிடியா, சூபாபுல் நடலாம். வரப்பில் வேலிமசால் விதைக்கலாம். மழைக்காலத்தில் வரப்புப் புல்லைப் பூக்கும்போதே அறுத்து உலர்த்தி வைக்கலாம். சூபாபுல் தழை மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதிகமானால் முடி கொட்டும். உடம்பு கெடும்.

புதுத் தீனியை ஒரே நாளில் கொட்டாதீர்கள். முதல் நாள் ஒரு கைப்பிடி. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். வயிற்றில் இருக்கும் படை பழக வேண்டும். ஒரு நாள் அளவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

சோறு கொடுத்தால் சதை போடுமா?

பலர் அப்படி நினைக்கிறார்கள். மீந்த சோற்றையும் கஞ்சியையும் தொட்டி நிறைய ஊற்றுகிறார்கள். கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை மாட்டின் முன் கொட்டுகிறார்கள். இது ஆபத்து.

சோறு வயிற்றில் வேகமாகப் புளிக்கும். வயிறு புளித்தால் வைக்கோலைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்துப் போகும். மாடு அசை போடாது. வயிறு உப்பும். கழிச்சல் வரும். சில சமயம் மாடு இறந்தே போகும்.

வைக்கோல் தின்னும் கன்றுக்கு முதல் குறை புரதம். அதைச் சோறு தீர்க்காது. புண்ணாக்கும் தழையும்தான் தீர்க்கும்.

யூரியா ஊட்டிய வைக்கோல்

வைக்கோலின் தரத்தையே உயர்த்த ஒரு வழி உண்டு. அது யூரியா ஊட்டுதல்.

100 கிலோ வைக்கோலுக்கு யூரியா 4 கிலோ. தண்ணீர் 50 முதல் 60 லிட்டர். யூரியாவைத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, வைக்கோலை ஒரு அடுக்குப் பரப்ப வேண்டும். பூவாளியால் கரைசலைச் சீராகத் தெளிக்க வேண்டும். காலால் மிதித்து அழுத்த வேண்டும். அதன் மேல் அடுத்த அடுக்கு. இப்படியே போராக அடுக்கி, காற்றுப் புகாமல் விரிப்பால் மூட வேண்டும். 21 நாள் திறக்கக் கூடாது.

22-ஆம் நாள் ஒரு பக்கமாகத் திறந்து, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வரும். நிழலில் பரப்பி ஆற விடுங்கள். நெடி போன பிறகு கொடுங்கள். பழைய வைக்கோலோடு கலந்து சில நாள் பழக்குங்கள்.

இப்படிச் செய்த வைக்கோல் மென்மையாக இருக்கும். அதில் புரத அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும். மாடு விரும்பித் தின்னும். ஆனால் இதுவும் தனியாகப் போதாது. தழையும் தாது உப்பும் வேண்டும்.

யூரியா, வெல்லப்பாகு, தாது உப்பு சேர்த்துச் செய்த நக்குக் கட்டியும் உண்டு. மாடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நக்கித் தின்னும். அப்போதும் வயிறு நிறைய வைக்கோல் இருக்க வேண்டும்.

கவனம்! யூரியா நஞ்சாகும்

1. ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு யூரியா ஊட்டிய வைக்கோலோ, நக்குக் கட்டியோ கொடுக்கக் கூடாது. அதன் வயிற்றில் படை இன்னும் முழுதாக உருவாகவில்லை.

2. யூரியாவைத் தண்ணீரில் கலந்து குடிக்க வைக்கவே கூடாது. கையால் தூவவும் கூடாது.

3. கரைசல் வைத்த பாத்திரத்தை மாடு அண்டாத இடத்தில் வையுங்கள். வேலை முடிந்ததும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள்.

4. பட்டினி கிடந்த மாட்டுக்கும் நோயுற்ற மாட்டுக்கும் கொடுக்கக் கூடாது.

5. அளவைக் கண்ணால் பார்த்துப் போடாதீர்கள். தராசில் நிறுத்துப் போடுங்கள்.

நஞ்சானால் மாடு நடுங்கும். வாயில் நுரை தள்ளும். வயிறு உப்பும். மூச்சு வாங்கும். கீழே விழும். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஒரு நிமிடமும் தாமதம் கூடாது.

மானிய விலை யூரியா பயிருக்கு என்று தரப்படுவது. தீவனத்துக்கு எதை வாங்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். முதல் தடவை அவரையோ கால்நடை ஆய்வாளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்னும் மூன்று செய்திகள்

வயிற்றில் புழு இருந்தால் நீங்கள் போடும் புண்ணாக்கு புழுவுக்குத்தான் போகும். முதலில் குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று மருந்தகத்தில் கேளுங்கள்.

பூஞ்சை பிடித்த புண்ணாக்கும் மக்கிய வைக்கோலும் வேண்டாம். கடலைப் புண்ணாக்கில் பிடிக்கும் பூஞ்சை ஈரலைக் கெடுக்கும். விலை குறைவு என்று வாங்காதீர்கள்.

வைக்கோலைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். நறுக்கினால் சத்துக் கூடாது. ஆனால் காலில் மிதிபட்டு வீணாவது குறையும். தவிடும் தழையும் நன்றாகக் கலக்கும்.

தராசு இல்லாமல் எடை பார்க்கலாம்

ஒரு தையல் டேப் போதும். மாட்டைச் சமதரையில் நேராக நிற்க வையுங்கள்.

முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து கொள்ளுங்கள். இது சுற்றளவு. தோள் முனையில் இருந்து பின்புற எலும்பு முனை வரை அளந்து கொள்ளுங்கள். இது நீளம். இரண்டையும் அங்குலத்தில் எழுதுங்கள்.

சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 660 = எடை (கிலோ)

எடுத்துக்காட்டு: சுற்றளவு 48 அங்குலம். நீளம் 43 அங்குலம்.
48 × 48 = 2304
2304 × 43 = 99,072
99,072 ÷ 660 = 150 கிலோ (ஏறத்தாழ)

மாதம் ஒரு நாள் குறித்துக் கொள்ளுங்கள். அந்த நாளில், காலையில் தண்ணீர் காட்டும் முன் அளந்து பாருங்கள். தேதியையும் எடையையும் நோட்டில் எழுதுங்கள். மாதம் 10, 12 கிலோ ஏறினால் தீனி சரி. ஏறவில்லை என்றால் தீனியில் குறை, அல்லது வயிற்றில் புழு. தரகர் விலை சொல்லும்போதும் இந்த நோட்டு உங்களுக்குத் துணை. உங்கள் மாட்டின் எடை உங்களுக்கே தெரியும்.

பயிற்சி

அ. சரியா, தவறா? எழுதுங்கள்.
1. வயிறு பெரிதாக இருந்தால் கன்று நன்றாகத் தின்று வளர்கிறது என்று பொருள்.
2. கொஞ்சம் புண்ணாக்கு கொடுத்தால் மாடு வைக்கோலை அதிகமாகத் தின்னும்.
3. மூன்று மாதக் கன்றுக்கு யூரியா ஊட்டிய வைக்கோல் கொடுக்கலாம்.
4. மீந்த சோறு கன்றுக்குப் புரதம் தரும்.

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.
1. 100 கிலோ வைக்கோலுக்கு யூரியா ______ கிலோ.
2. யூரியா ஊட்டிய வைக்கோலை ______ நாள் மூடி வைக்க வேண்டும்.
3. மாட்டின் வயிற்றில் ______ அறைகள் உண்டு.

இ. கணக்குப் போடுங்கள்.
1. ஒரு கிடேரி 190 கிலோ இருக்கிறது. 250 கிலோ ஆக வேண்டும். நாளுக்கு 400 கிராம் ஏறினால் எத்தனை நாள் ஆகும்?
2. உங்கள் ஊரில் அரை கிலோ புண்ணாக்கும் அரை கிலோ தவிடும் என்ன விலை? 250 நாளுக்கு எவ்வளவு ஆகும்? சினைப்பட்ட கிடேரி உங்கள் ஊர்ச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது? இரண்டையும் எழுதி ஒப்பிடுங்கள்.

ஈ. கூடிப் பேசுங்கள்.
1. உங்கள் ஊரில் மாட்டுக்கு ஆகும் எந்தெந்தத் தழையும் கொடியும் வீணாகின்றன?
2. சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து புண்ணாக்கும் தாது உப்பும் மொத்தமாக வாங்க முடியுமா?
3. உங்கள் ஊரில் "மலடு" என்று விற்ற கிடேரிகளில் எத்தனை, தீனி போதாமல் நின்றவையாக இருக்கும்?

விடைகள்
அ. 1. தவறு 2. சரி 3. தவறு 4. தவறு
ஆ. 1. 4 2. 21 3. நான்கு
இ. 1. 150 நாள்